இரண்டாவது லிஸ்ட்

அக்கரபத்தனை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கும் மரக்கறிக் கடைக்கும் நடுவில் இருக்கிற கொம்யூனிகேஷன் என்னுடையது. என் வாப்பா ஜமால்தீன் தொடங்கிய கடை. அவர் காலத்தில் ஆட்கள் கொழும்புக்கு கோல் எடுக்க வந்து வரிசையில் நின்றார்கள். இப்போது போட்டோ கொப்பி எடுக்க, ரீலோட் போட, படிவம் நிரப்ப வருகிறார்கள். வாப்பா எனக்கு வைத்த பெயர் ரினோஸா. தோட்டத்து ஆட்களுக்கு நான் கொப்பிக் கடைத் தங்கச்சி.

சண்முகவடிவைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று யாராவது கேட்டால், அவளைப் பற்றி முதலில் எழுதினவர்களுக்கு என்ன தகுதி இருந்தது என்று நான் திருப்பிக் கேட்பேன். நானாவது அவளிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன். "எழுது தங்கச்சி. எம்பேரையே போடு. அவங்க வச்ச பேரு எனக்குப் புடிக்கல" என்று அவளே சொல்லிவிட்டாள். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது மட்டும்தான் அவள் போட்ட நிபந்தனை.

வடிவக்காவுக்கு வயது நாற்பத்தாறு. டயகம பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் பதினெட்டு வயதிலிருந்து கொழுந்து பறிக்கிறாள். சாதாரண தரம் வரை படித்தவள் என்பதால், அவர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளில், அதாவது லயத்தில், யாருக்கு என்ன படிவம் வந்தாலும் அது முதலில் அவள் கைக்குத்தான் போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சொப்பிங் பேக் நிறைய ஊராருடைய அடையாள அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களுமாக வந்து நிற்பாள். என் மெஷின் அடிக்கடி தாளைக் கவ்விக்கொண்டு நின்றுவிடும். அதை ஒரு தட்டு தட்டி, "என்ன தங்கச்சி, ஒன் மாப்புள இன்னைக்காவது வேலை செய்வாரா?" என்பாள். எனக்குக் கல்யாணம் ஆகாததை இவ்வளவு உரிமையோடு கேலி செய்ய வேறு யாரையும் நான் விட்டதில்லை.

லிஸ்ட் விஷயத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. தோட்டத்தில் எது வந்தாலும் லிஸ்ட் போட்டுத்தான் வரும். ஒரு வருஷம் காற்றில் கூரை பறந்தபோது தகரத்துக்கு லிஸ்ட் போட்டார்கள். முதல் லிஸ்ட்டில் பெயர் இல்லாதவர்கள் கூச்சல் போட, வடிவக்காதான் அவர்களை அடக்கினாள். நாலு மாதம் கழித்து இரண்டாவது லிஸ்ட்டுக்கும் தகரம் வந்தது. புது வீட்டுக்கும் அப்படித்தான், தண்ணீர்க் குழாய்க்கும் அப்படித்தான். பிந்தும், ஆனால் வரும். லிஸ்ட்டில் பெயர் விழுந்துவிட்டால் பாதி கிடைத்த மாதிரி என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இந்தக் கணக்கை நம்பித்தான் அவள் ஏமாந்தாள்.

அவள் கணவர் பழனியாண்டி அண்ணன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். நாலாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம். ஆனால் வாசிப்பில் அப்படியொரு ஆசை. எழுத்துக் கூட்டி, சத்தமாகத்தான் வாசிப்பார். பஸ் போர்டு, மருந்துப் பெட்டி, என் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிற மரண அறிவித்தல், எதையும் விடமாட்டார். அவருக்கு வாய் சொல்லிக் காது கேட்டால்தான் புரியும். வடிவக்கா பக்கத்தில் நின்று, "ஊருக்கே நியூஸ் வாசிக்கிறாரு பாரு" என்று சிரிப்பாள்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, கிஷாந்த். பத்தொன்பது வயதில் கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே காய்ச்சல் கண்டு, மாத்திரையை விழுங்கிவிட்டு நாலு நாள் மூட்டை தூக்கியிருக்கிறான். ஐந்தாம் நாள் மத்தியானம் அம்மாவுக்கு கோல் எடுத்தான். கூட இருந்தவர்கள் அந்தியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டெங்கு. மறுநாள் விடியும்போது பிள்ளை இல்லை.

பதினாறு முடிந்த மறுநாள் பழனியாண்டி அண்ணன் வடிவக்காவின் சின்ன போனைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார்.

"அன்னைக்கு இதுல சார்ஜ் நிக்கலையாம் தங்கச்சி. புள்ள கூப்புட்டிருக்கான், இவளால எடுக்க முடியாமப் போச்சு. பேட்டரிய மாத்திக் குடுங்க. இனி இப்புடி ஆகக் கூடாது."

பிள்ளையே போன பிறகு இனி என்ன ஆகப் போகிறது என்று அவரிடம் யார் சொல்வது? நான் போனைத் திறந்து பார்த்தேன். பேட்டரி கல்லு மாதிரி இருந்தது. எடுக்காத அழைப்புகளின் பட்டியலில் கிஷாந்த் என்ற பெயர் மூன்று தடவை இருந்தது, மத்தியானம் பன்னிரண்டு பத்துக்கும் பதினைந்துக்கும் இடையில். செத்த போனில் அழைப்பு விழாது. எனக்கு விளங்கிவிட்டது. நான் புது பேட்டரி ஒன்றைப் போட்டு, "பழசுதான் அண்ணன், மாத்திட்டேன்" என்று கொடுத்தேன். அதைப் பற்றி வடிவக்காவிடமும் கேட்கவில்லை. யாரும் என்னிடம் இரகசியம் காக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கவில்லை. சொல்லக் கூடாது என்று தெரிந்தது, சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அண்ணன் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அவள் போனை சார்ஜில் போடுவார். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் புறப்படும்போது அதை எடுத்து அவள் கையில் கொடுத்து, "புல்லா இருக்கு" என்பார். ஒரு நாள் தவறவில்லை.

அப்படி இரண்டு வருஷம் போன பிறகுதான் ஜெயந்தினி வந்தாள். முப்பது வயதிருக்கும். கொழும்பில் ஒரு பேராசிரியரின் குழுவில் வேலை. தோட்டத்துத் தாய்மாரின் மனச் சுமையைப் பற்றி ஆய்வு செய்கிறோம் என்றாள். நாலு பக்கச் சம்மதப் படிவத்தை அறுபது பிரதி எடுக்கச் சொல்லிவிட்டு, என் ஸ்டூலிலேயே உட்கார்ந்து பேசினாள். "நானும் தோட்டத்துப் புள்ளதான். அப்பா மஸ்கெலியாவுல வேலை செஞ்சாங்க" என்றாள். பொய்யில்லை, உண்மைதான். வாய்ப் பேச்சும் எங்கள் பக்கத்துப் பேச்சு. நான் உருகிவிட்டேன். மேல் டிவிஷனில் பெண்களைச் சேர்த்துவிட யாராவது இருக்கிறார்களா என்று கேட்டபோது, வடிவக்காவின் நம்பரை எழுதிக் கொடுத்தவள் நான்தான்.

வடிவக்கா ஒரே வாரத்தில் நாற்பது பேரைச் சேர்த்துவிட்டாள். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் ஒரு மேசை போட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள். தூக்கம் வருகிறதா, சாப்பிட முடிகிறதா, செத்துப் போகலாம் என்று தோன்றுகிறதா. அரசாங்க உதவிப் பணத்துக்கான அஸ்வெசும படிவத்தில் கஷ்டத்தைக் கூட்டிச் சொல்லிப் பழகிய மீனம்மா, தினமும் நாலு மணித்தியாலம் அழுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வடிவக்கா அவளைப் பிடித்து ஏசினாள்.

"இது அஸ்வெசும இல்லடி. உள்ளத உள்ளபடி சொல்லு. அப்பதான் சரியான வைத்தியம் கெடைக்கும்."

மீனம்மா திரும்பப் போய் அரை மணித்தியாலம் என்று திருத்திச் சொன்னாளாம். இதைச் சொல்லி வடிவக்கா என் கடையில் விழுந்து விழுந்து சிரித்தாள். மகன் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நானும் சொல்லிட்டேன் தங்கச்சி" என்றாள்.

"என்ன சொன்னீங்க?"

"ஒனக்குத்தான் தெரியுமே."

அதுவரை அந்த போனைப் பற்றி எங்களுக்குள் ஒரு சொல் வந்ததில்லை. என் முகத்தை எப்போது படித்தாளோ. அன்றைக்குத்தான் முழுவதையும் சொன்னாள். மத்தியானம், பறித்த கொழுந்தை நிறுக்கிற நேரம். வரிசையில் அவளுக்கு முன்னால் இரண்டு பேர்தான். எடை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். ஈரக் கொழுந்துக்குத் தண்ணீர் கழிவென்று அதிகமாகக் குறைக்கிறார்கள் என்று கங்காணியிடம் சண்டை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். போன் அடித்தது. மகன்தான், பிறகு பேசலாம் என்று சிவப்புப் பொத்தானை அமத்தினாள். திரும்ப அடித்தது, திரும்ப அமத்தினாள். மூன்றாவது தடவை கோபத்தோடு அமத்தினாள். அந்தியில் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தபோது பழனியாண்டி அண்ணன், "ஒனக்குக் கூப்புட்டானாமே" என்று கேட்டார். வாயில் முதலில் வந்தது, சார்ஜ் இல்லை என்பதுதான்.

"எடுத்திருந்தா, ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போடான்னு சொல்லியிருப்பேன். காலையில காலையில அவரு போனக் கையில குடுக்குறப்ப எனக்கு நெஞ்சு எரியுது தங்கச்சி. அவருகிட்ட சொல்லாம என்னால செத்துக்கூடப் போக முடியாது. எப்புடிச் சொல்றதுன்னு தெரியல. அத கேக்கத்தான் ஒரு ஆள் வேணும். ஜெயந்தினி மிஸ் என் கையப் புடிச்சிக்கிட்டு அவங்களும் அழுதாங்க. இது நமக்குள்ளயே இருக்கும்க்கா, ஒரு கவுன்சிலிங் மேடம் வருவாங்க, அவங்ககிட்ட பேசுனா வழி கெடைக்கும்னாங்க."

அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். கணவரிடம் அந்த விஷயத்தை எப்படிச் சொல்வது என்று யாராவது பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அடுத்த மாதம் மேடம் வந்தார். வியாழக்கிழமை தோறும் பின்னேரம் பிள்ளைக் காம்பராவில் இருப்பார். கதவில் இரண்டு லிஸ்ட் ஒட்டியிருந்தது, ஒவ்வொன்றிலும் இருபது பேர். முதல் லிஸ்ட்டில் இருந்தவர்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். வடிவக்காவின் பெயர் இரண்டாவதில். இரண்டாவது லிஸ்ட்காரிகள் முணுமுணுத்தபோது, தகரம் வந்த கதையைச் சொல்லி அவளே அவர்களைச் சமாதானப்படுத்தினாள். "முந்தினவங்க முடியட்டும். நம்ம பேரும் லிஸ்ட்டுல இருக்குதானே." அவர்களும் நம்பினார்கள். முதல் வியாழக்கிழமை வெளுத்த சேலை கட்டிப் போய் வாசலில் உட்கார்ந்திருந்தாளாம், யாராவது வராமல் போனால் அந்த இடத்தில் தன்னைக் கூப்பிடலாம் என்று. பிறகும் சில வியாழக்கிழமைகள் அப்படி உட்கார்ந்திருக்கிறாள்.

மூன்றாம் மாதம் ஜெயந்தினி வந்து அதே கேள்விகளைக் கேட்டாள். ஆறாம் மாதமும் கேட்டாள். இரண்டாவது லிஸ்ட்டுக்குக் கேள்வி மட்டும் தவறாமல் வந்தது. "அடுத்தது நாங்கதானே மிஸ்?" என்று வடிவக்கா கேட்டபோது, ஜெயந்தினி தாளைப் பார்த்துக்கொண்டே, "பாக்கலாம்க்கா" என்றாளாம். அந்தப் "பாக்கலாம்"தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் வேறு வழி தேடியிருப்பாள். எங்கள் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடமாவது கூட்டிப் போயிருப்பேன், கோயில் ஐயரிடமாவது கேட்டிருப்பாள்.

ஒரு வருஷம் ஆகப் போகிற சமயம், ஒரு வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழுவின் வேன் கடைக்கு முன்னால் நின்றது. ஜெயந்தினி வரவில்லை. டிரைவர் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து இருநூறு பிரதி கேட்டான். ஆய்வில் இதுவரை தெரிந்ததைத் தோட்டத்து மக்களுக்கே திருப்பிச் சொல்கிறார்களாம், நாளைக்குக் காலையில் பெரட்டில் கொடுக்க வேண்டுமாம். ஜும்ஆ நேரம், கடையில் சனம், நான் தாளைக் கவிழ்த்து வைத்துப் பொத்தானை அமத்திவிட்டு ரீலோட் போட்டுக்கொண்டிருந்தேன். மெஷின் அன்றைக்கென்று ஒரு தாளைக்கூடக் கவ்வாமல் ஓடியது. வேன் போன பிறகு தட்டில் ஒரு தாள் மிஞ்சிக் கிடந்தது.

முகப்பில் கூடை சுமந்த பெண்ணின் படம். கூடையில் பறித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, இப்போது எல்லோரும் பைதான் கட்டுகிறார்கள், அது கூடத் தெரியாதவர்கள். படத்துக்குக் கீழே கட்டம் போட்டுப் பெரிய எழுத்தில் இருந்தது இது:

"மகன் மூன்று தடவை கூப்பிட்டான். நிறுவை வரிசை போய்விடும் என்று மூன்று தடவையும் நானே துண்டித்தேன். கணவரிடம் சார்ஜ் இல்லை என்று பொய் சொன்னேன். அன்றிரவே மகன் இறந்துவிட்டான். – ராணி (பெயர் மாற்றப்பட்டுள்ளது)."

 உடனே வடிவக்காவுக்கு கோல் எடுத்தேன். மலையில் நின்றாலும் மகன் போன பிறகு அவள் முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள், கங்காணி ஏசினாலும் கவலைப்படமாட்டாள். "சொல்லு தங்கச்சி" என்றாள். நான் வாசித்துக் காட்டினேன். நாளைக்குப் பெரட்டில் கொடுக்கப் போகிறார்கள் என்றும் சொன்னேன். 

"அவரு வாசிப்பாரே தங்கச்சி" என்றாள்.

இன்றைக்கே நீங்கள் முந்திச் சொல்லிவிடுங்கள் என்றேன். சரி என்றாள். அன்று பின்னேரம் சொல்லத்தான் நினைத்தாளாம். அண்ணன் வேலை விட்டு வந்து, அவள் போனை வாங்கிக் கிஷாந்தின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பேட்டரி பரவாயில்லை, இன்னும் நிற்கிறது என்று சொல்லியிருக்கிறார். அவளுக்கு வாய் எழவில்லை. எப்படிச் சொல்வது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையே.

மறுநாள் பெரட்டில் நடந்ததை மீனம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தோட்டத்து நலன்புரி அதிகாரி எல்லோர் கையிலும் ஒவ்வொரு தாளைக் கொடுத்திருக்கிறார். வாசிக்கத் தெரியாத பெண்கள் வழக்கம்போல, "அண்ணே, என்னா போட்டிருக்கு, வாசிங்க" என்று பழனியாண்டி அண்ணனைச் சுற்றி நின்றார்கள். வடிவக்கா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வருவதற்குள் அவர் தொடங்கிவிட்டார். எழுத்துக் கூட்டி, சத்தமாக. மூன்று தடவை கூப்பிட்டான் என்று வாசித்தபோது, "ஐயோ பாவம், எந்தத் தோட்டத்துப் பொம்பளையோ" என்று நடுவில் நிறுத்திச் சொல்லியிருக்கிறார். பிறகு நிறுவை வரிசை என்று வாசித்தார். சார்ஜ் என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். மிச்சத்தை வாசிக்கவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்.

மேல் டிவிஷனில் அதற்குமேல் யாருக்கும் எதையும் விளக்கத் தேவையிருக்கவில்லை. கொழும்பில் மகனைப் பறிகொடுத்து, அன்று சார்ஜ் இல்லாமல் போனது என்று சொன்ன தாய் அங்கே ஒருத்திதான்.

அண்ணன் அவளை அடிக்கவில்லை, ஏசவில்லை. அன்று அந்தியில் ஒன்றே ஒன்று கேட்டாராம். "அந்த ஆளுங்ககிட்ட சொல்ல முடிஞ்சிச்சில்ல. எங்கிட்ட சொல்ல முடியலயா ஒனக்கு?" அதற்கு அவளிடம் பதில் இருந்தது. உங்களிடம் சொல்வது எப்படி என்று கேட்கத்தான் அவர்களிடம் சொன்னேன் என்பதுதான் பதில். அதை யார் நம்புவார்கள் இப்போது? மறுநாள் காலையில் அவர் போனை சார்ஜில் போடவில்லை. அதற்கு அடுத்த நாளும் போடவில்லை. அவளும் போடவில்லை.

ஒரு வாரம் கழித்து வடிவக்கா கடைக்கு வந்தாள். கையில் சொப்பிங் பேக் இல்லை. மெஷினைத் தட்டவும் இல்லை. என் போனிலிருந்து ஜெயந்தினியைக் கூப்பிடச் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

ஜெயந்தினி பதறித்தான் போனாள். அதை நான் மறைக்கவில்லை. "அக்கா, ஒங்க பேரு எங்கயும் வரலையே. தோட்டத்துப் பேரும் போடல. பேர மாத்தித்தானே போட்டிருக்கோம்" என்றாள்.

"பேரத்தான் மாத்துனீங்க மிஸ். என் வீட்டுக்காரர மாத்தலையே."

 பிறகு ஜெயந்தினி, சொன்னதைப் பெயரில்லாமல் பயன்படுத்தலாம் என்று நாலாம் பக்கத்தில் இருக்கிறது, நீங்கள் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள் என்று மெல்லச் சொன்னாள். பெரியவர்களின் அனுமதி எல்லாம் எடுத்துத்தான் செய்தோம் என்றாள். எந்தப் பெரியவர்கள் என்று நான் குறுக்கே கேட்டேன். வடிவக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவளுக்குக் கேட்க வேண்டியது வேறு.

"அது போகட்டும் மிஸ். எங்க ரெண்டாவது லிஸ்ட்டுக்கு மேடம் எப்ப வருவாங்க?"

"அக்கா... ரெண்டாவது லிஸ்ட்டுக்கு மேடம் இல்லக்கா. அது ஒப்பிட்டுப் பாக்குறதுக்கு. மேடத்துகிட்ட பேசுனவங்களுக்கும் பேசாதவங்களுக்கும் என்ன வித்தியாசம்னு பாக்கணும்ல. கம்ப்யூட்டர்தான் பேரப் பிரிச்சிச்சு."

"அப்ப தொடக்கத்துலயே தெரியுமா ஒங்களுக்கு, எங்களுக்கு யாரும் வரமாட்டாங்கன்னு?"

"தெரியும்க்கா."

"பாக்கலாம்னு சொன்னீங்களே."

 பிறகு வடிவக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள். "தராசுல இந்தப் பக்கம் வைக்கிற படிக்கல்லு தங்கச்சி நாங்க. கல்லுக்கு எதுக்கு வைத்தியம்?" அப்போதுதான் அழுதாள். என் கவுண்டரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, ரீலோட் போட வந்த ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதாள்.

அவள் போன பிறகு மேசை இழுப்பறையில் கிடந்த பழைய படிவம் ஒன்றைத் தேடி எடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் எழுதித்தான் இருந்தது. இரண்டாம் குழுவினருக்கு ஆய்வுக் காலத்தில் உளவளத்துணைச் சேவை, அதாவது கவுன்சிலிங், வழங்கப்படமாட்டாது என்று, எறும்பு அளவு எழுத்தில். அறுபது தடவை அந்தப் பக்கம் என் கை வழியாகப் போயிருக்கிறது. வடிவக்காவும் வாசிக்கவில்லை. மற்றவர்களுடைய படிவமெல்லாம் வரி விடாமல் வாசிக்கிறவள், இதை மட்டும் தோட்டத்துப் பிள்ளை கொண்டுவந்தது என்று பென்சிலால் குறி போட்ட இடத்தில் கையெழுத்து வைத்திருக்கிறாள். நானும் அதே நம்பிக்கையில்தான் பொத்தானை அமத்தினேன். ஜெயந்தினி மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி என் மேலேயே இருக்கிறது.

இரண்டாவது லிஸ்ட்டின் மற்றப் பத்தொன்பது பேருக்கும் விஷயத்தை வடிவக்காதான் போய்ச் சொன்னாள். சிலர் அவளையே ஏசினார்கள். நீதானே கூட்டிக்கொண்டு போனாய், நீதானே உள்ளதை உள்ளபடி சொல்லச் சொன்னாய் என்று கேட்டார்கள். மீனம்மா மட்டும் பேசாமல் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாளாம். இப்போது லயத்தில் யாரும் வடிவக்காவிடம் படிவம் கொடுப்பதில்லை. பழனியாண்டி அண்ணன் தாளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். என் கடைச் சுவரில் மரண அறிவித்தல்கள் ஒட்டியபடி இருக்கின்றன, அவர் சத்தமாக வாசித்து இப்போது மாதக்கணக்காகிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாமான் வாங்க டவுனுக்கு வந்த வடிவக்கா என் கவுண்டர் ஓரம் நின்றுகொண்டிருந்தாள். வாசலில் ஜெயந்தினி வந்து நின்றாள். கையில் ஒரு பைல். கடைசிச் சுற்றுக் கேள்விகள் மிச்சம் இருக்கின்றனவாம், இரண்டாவது லிஸ்ட்டில் ஆள் குறைந்தால் ஆய்வே பிழையாகிவிடுமாம். வடிவக்காவைக் கண்டதும் முகம் கறுத்தது. மன்னிப்புக் கேட்க வந்தாளா, கேள்வி கேட்க வந்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"அக்கா, நேத்து மூணு தடவை கோல் எடுத்தேன். நீங்க எடுக்கவே இல்லையே."

வடிவக்கா பையிலிருந்து போனை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். திரை கறுப்பாக இருந்தது.

"சார்ஜ் இல்ல மிஸ்" என்றாள்.

ஜெயந்தினி அந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணைத் தூக்கி என்னைப் பார்த்தாள். என் பக்கத்திலேயே சார்ஜர் இருந்தது. நான் அதை எடுத்து நீட்டவில்லை.